எண்பத்திரண்டாம் வருடத்துத் தோட்டா

எமில் வோண்ட்ராவிடம் ஒரு பழைய தோட்டாக் கூட்டைக் கொண்டுபோய்க் காட்டுவதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். நெப்ராஸ்காவின் எங்கள் பக்கத்தில் மெட்டல் டிடெக்டரோடு மேய்ச்சல் நிலங்களில் அலைகிறவர்கள் எல்லாருமே அவனிடம் மூக்கறுபட்டவர்கள்தான். தேவாலயத் தோட்டத்தில் கிடைத்த ஒன்றைப் பாதிரியார் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார், குதிரைப்படைத் தோட்டா என்று. எமில் அதன் அடிப்பாகத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"முயலைச் சுட்ட தோட்டா, ஃபாதர். உங்களுக்கு முன்னாடி இருந்த ஃபாதர் சுட்டதாக்கூட இருக்கும்."

மனுஷனுக்கு இந்த விஷயத்தில் மட்டும் பொய் ஆகாது.

அவன் தேடியது 1868இல் எங்கள் ஓடையோரம் படைவீரர்களுக்கும் ஷையான் பழங்குடியினருக்கும் நடந்த சண்டையை. எந்த இடம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தச் சண்டையில் வெடித்த தோட்டா குட்டையானது, செம்புக் கூடு, துப்பாக்கியின் ஊசி அதன் அடிப்பாகத்தில் நடுவில் இல்லாமல் விளிம்பில்தான் அடித்திருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் போதும். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் தேடினான். பொருந்தாதவற்றை எல்லாம் கராஜில் ஒரு காப்பி டப்பாவில் போட்டு வைத்தான். டப்பா நிறைந்தது, அவன் முட்டியும் போயிற்று.

அவன் மனைவி ஆர்டிஸுக்கு இடுப்பு போயிருந்தது. மாடி ஏற முடியாமல் சமையலறையில் கட்டில் போட்டுப் படுத்தாள். ஒமாஹாவில் மகள் கீழறையைத் தயார் செய்து வைத்துக்கொண்டு கூப்பிட்டபடியே இருந்தாள். "ஒண்ணே ஒண்ணு கிடைக்கட்டும் ஆர்டிஸ், மறுநாளே கிளம்பிடலாம்" என்பான் எமில். அப்படிச் சொல்லியே பல குளிர்காலங்களைக் கடத்திவிட்டான். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் கூடவே அலைந்த எனக்கு அவன்மேல் எரிச்சல்தான். அலுத்துப் போயிருந்தான், ஆனால் நிறுத்தத் தெரியவில்லை அவனுக்கு.

அந்த அக்டோபரில் ஆர்டிஸும் எங்களோடு பிக்கப் வண்டியில் வந்தாள். இறங்கியதும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓடையோர மரங்கள்வரை தனியாகப் போய்வந்தாள். வண்டியில் ஏறி உட்காரும்போது முகம் வெளிறியிருந்தது.

"அந்த மரத்தடியில பாரேன் எமில்."

"அங்கெல்லாம் எப்பவோ பாத்தாச்சு."

"இன்னொரு தடவை பாரு. வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை இருக்கு ஒனக்கு?"

போனோம். மரத்தடியில் கருவி கத்தியது. மண் பொலபொலவென்று இருந்தது, விரலாலேயே தோண்டிவிட்டான். பச்சை பூத்த ஒரு கூடு வந்தது. நீளமானது. பக்கவாட்டில் ஒரு வெட்டு இருந்தது. போன வருடம் வேறொரு பண்ணையில் என் மண்வெட்டி பட்டு விழுந்த வெட்டு. அதற்காக அன்றைக்கு எமில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தான். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். நடுவில் குழி, ஓரத்தில் 82. சண்டை முடிந்து பதினாலு வருடம் கழித்துச் செய்த தோட்டா. அவனுடைய காப்பி டப்பாவிலிருந்து வந்தது.

பாவம், இத்தனை வருடம் அவனோடு குடித்தனம் செய்தும் அவளுக்கு எல்லாம் ஒரே செம்புதான்.

இப்போது கத்தப்போகிறான் என்று நான் வாயைத் திறந்தேன், அவனைத் தடுக்க. அவன் பிக்கப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நடந்துபோய், அதை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இதுதான், ஆர்டிஸ்."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன். அறுபத்தெட்டுதான்."

அவள் கையை மூடிக்கொண்டாள். "அப்ப போலாமா?"

"போலாம்."

நான் மண்வெட்டியை எடுக்கிற சாக்கில் மரத்தடிக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் எமிலும் வந்தான். கருவியை என் கையில் கொடுத்தான். கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான்.

"லைல், வடக்குக் கரையில ஓடை வளையுது பாரு, அங்க மட்டும் நான் இன்னும் தேடல. அங்கதான் இருக்கும்னு தோணுது."

"நான் பாக்கிறேன்."

தோண்டிய குழியைக் காலால் மண் தள்ளி மூடினான்.

"கிடைச்சா எனக்குச் சொல்லாத."