மேலாளர் மேசையில் செல்வி அக்காவின் பெயர்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிறு வியாபாரிகள் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்க நாங்கள் மூன்று பேர் ஒரு செயலி செய்திருக்கிறோம் அல்லவா? அதை ஏற்கும்படி கேட்க, இன்று தச்சநல்லூரில் ஒரு வங்கி மேலாளரைப் பார்த்தேன். எட்டு மாதம் அலைந்து கிடைத்த சந்திப்பு.

"வாடிக்கையாளர் விவரம் எங்ககிட்ட பத்திரமா இருக்கும் சார்" என்றுதான் தொடங்கினேன்.

பிறகு செயலியைத் திறந்து காட்டினேன். மாதிரிக்கு ஒரு பொய்ப்பெயர் போட்டு வைக்காமல், கடனுக்காக எங்கள் செயலியில் பதிந்து காத்திருக்கும் உடன்குடி செல்வி அக்காவின் பக்கத்தையே திறந்துவிட்டேன். பெயர், படம், வேறொரு வங்கி அவருக்குக் கடன் மறுத்தது, எல்லாம் திரையில்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இது நம்ம செல்வில்லா? எங்க வீட்டுக்கு அவதான் கருப்பட்டி கொண்டு வாரா. கடன் கிடைக்கலன்னு என்கிட்ட மூச்சு விடலயே."

நான் அவசரமாகத் திரையை அணைத்தேன்.

"அவ மறைச்சத நீங்க காட்டிட்டிய. நாளைக்கு எங்க ஆளுக விவரத்த எந்த பேங்குல போயிக் காட்டுவிய? காப்பியக் குடிச்சிட்டு பையப் போங்க."

திரும்பும்போது பேருந்தில் அக்காவே அழைத்தார். "பேங்குல என்னம்மா சொன்னாவ?"

"யோசிச்சுச் சொல்லுதாங்களாம்க்கா" என்று பொய் சொன்னேன்.

காலையில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். செயலியில் எல்லாவற்றுக்கும் பொத்தான் வைத்த எனக்கு, முதல் வாக்கியம் வரவில்லை. நீங்களாக இருந்தால் எப்படித் தொடங்குவீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.