ஈறு நிறப் பெட்டி

எங்கள் பல் கிளினிக்கின் பின்னறையில் பொய்ப்பல் செய்கிறவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்கூட அப்படித்தான். மெழுகில் ஈறு வடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து மெருகேற்றி, சிரித்தால் யாருக்கும் சந்தேகம் வராதபடி செய்து கொடுப்பாள். முன்மேசையில் டோக்கன் கொடுக்கிற எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். வேலை நன்றாக ஓடினால் வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பாள். பாட்டு நின்றால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தேனீ ஆசை அவளுக்கு மெழுகிலிருந்துதான் வந்தது. புதிதாக வந்த மெழுகுக் கட்டி ஒன்றில் ஒரு தேனீயின் இறக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா இதுங்க வீட்டத்தான் உருக்கிட்டு இருக்கேன். ஒண்ணையாவது நின்னு பாத்திருக்கேனா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நாற்றுப்பண்ணையில் நடந்த தேனீ வகுப்புக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது வெறும் மரப்பெட்டி ஒன்று ஆட்டோவில் வந்தது. கீழே புழு வளர ஓர் அறை, மேலே தேனுக்கு ஓர் அறை. பெட்டிக்கு என்ன சாயம் பூசுவது என்று யோசித்தவள், கைப்பையிலிருந்த மாதிரிப் பல்செட்டை எடுத்துப் பெயிண்ட் கடைக்காரரிடம் நீட்டி, "இந்த ஈறு கலர் வேணும்" என்று கேட்டிருக்கிறாள். அவர் அதைக் கையால் தொடவில்லை. எட்ட நின்றே கலந்து கொடுத்தாராம்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் குரல் உயர்த்தமாட்டார், "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொல்வார். அதனால் அவருக்கு மெதுவா சார் என்றே பெயர். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் எதற்காவது முடியாது என்று சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மொட்டைமாடியில் பெட்டி வைக்கலாமா என்று குடியிருப்பில் எல்லோரும் கூடிப் பேசியபோதும் அவர்தான் முதலில் "வைக்கட்டுமே" என்றார். அவரே சரி என்ற பிறகு மற்றவர்கள் என்ன சொல்ல?

அவளுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். பல்லக்காவைவிடச் சின்னவள். ஒருத்தி வீட்டுச் சாவி மற்றவளிடம் இருக்கிற அளவுக்கு நெருக்கம். கொசுவலையையும் ஒரு பழைய தொப்பியையும் சேர்த்து முகவலை தைத்துக் கொடுத்தது அவள்தான். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கக்கா" என்று சொல்லிச் சிரித்தாளாம்.

ஆரம்பத்தில் எல்லாம் கோணலாகத்தான் நடந்தது. தேனீக் கூட்டம் வந்து குடியேறிய பிறகு, பெட்டியை முதல்தடவை திறந்தபோது, அதுகளை அமைதியாக்கப் போடுகிற புகையை அள்ளிக் கொட்டிவிட்டாள். தேனீக்களோடு அவளும் இருமினாள். முகவலையை ஒழுங்காகக் கட்டாததால் ஒன்று உள்ளே புகுந்து உதட்டில் கொட்டிவிட்டது. மறுநாள் வீங்கிய வாயோடு வந்தவளைப் பார்த்து டாக்டர் பதறிப்போய், "உக்காரு, எந்தப் பல்லு?" என்று நாற்காலியைச் சாய்த்தார். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்க வேண்டும் என்பதும் எறும்பு ஏறிய பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.

ஆனால் சீக்கிரமே கை பழகிவிட்டது. தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கினால் ஒரு தேனீகூடக் கலையாது. ராணி எங்கே இருக்கிறது, எந்த அறையில் முட்டை இருக்கிறது என்று எனக்கு மெழுகுத்தகட்டில் வரைந்து காட்டுவாள். முதல் தேனை எடுத்தபோது கொஞ்சம்தான் எடுத்தாள். "மழைக்காலத்துக்கு அதுங்களுக்கு வேணாமா?" என்றாள். அந்தக் கொஞ்சத்திலும் முதல் பாட்டில் கீழ்வீட்டுக்குத்தான் போனது.

சிக்கல் என்று சொன்னால் ஒன்றுதான். பறக்கும்போது தேனீக்கள் கழிப்பது மஞ்சள் புள்ளியாகத் துணியில் விழும். மாடியில் தையல்காரி காயப்போட்ட வாடிக்கையாளர் துணிகளில் அது விழுந்துவிட்டது. அவள் மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, உன் பொண்ணுங்கள அடக்கி வையி, இல்லன்னா நான் அடக்கிடுவேன்!" என்று கத்தினாள். பல்லக்கா துணிகளை வாங்கிப்போய்த் துவைத்துக் கொடுத்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மாலை வேலை முடிந்து மாடிக்குப் போனாள். பெட்டி இருந்தது, சத்தம் இல்லை. பெட்டி வாசலுக்கு முன்னால் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. சில இன்னும் முதுகில் கிடந்து சுற்றிக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்ததும் மருந்து நெடி மூக்கில் அடித்தது. ராணியைத் தேடி எடுத்தாள். அதுவும் செத்திருந்தது.

கணவர்தான் வந்து அவளைக் கைப்பிடித்துக் கீழே அழைத்துப்போனார். தண்ணீர் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் அழுது ஓய்ந்த பிறகு, மெதுவாகத்தான் சொன்னார்.

"யாரு பண்ணியிருப்பாங்கன்னு தெரியல. போன வாரம் அந்தப் பொண்ணு படியில நின்னு அப்படிக் கத்துச்சு... சரி, விடு. நமக்கு எதுக்கு?"

அவள் விடவில்லை. முகவலையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தையல்காரி ஒருத்திக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வந்தவள் முன்னாலேயே முகவலையைத் தையல் மெஷின் மேல் வீசி, "அடக்கிடுவேன்னு சொன்ன, அடக்கிட்ட. நல்லா இரு!" என்றாள். தையல்காரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அளவு நாடாவைக் கையில் சுற்றியபடி நின்றுவிட்டாள். அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள் பல்லக்கா. அன்றே சாவிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

மழைக்காலம் வந்து போனது. பின்னறையில் பாட்டுச் சத்தம் கேட்கவே இல்லை.

பிறகு ஒருநாள் முன்பல் இரண்டும் உடைந்த ஓர் ஆள் வந்தார். வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். பல்லின் நிறம் பார்க்க அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள் பல்லக்கா. நான் சீட்டை நீட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். பேச்சுவாக்கில் அவள், "தேனீக்கும் மருந்து அடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"மரத்துல கூடு கட்டுனா அடிப்போம். ஒரே ஒரு தடவ வளக்குற பெட்டிக்கு அடிச்சேன். மனசே இல்ல. ரோஸ் கலர்ல அழகா பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. இந்த ஈறு மாதிரி ஒரு கலரு."

பல்லக்காவின் கை நின்றது. "யாரு கூப்பிட்டாங்க? ஒரு பொண்ணா?"

"இல்லம்மா, அந்த வீட்டுக்காரர்தான். வீட்டம்மா வேலைக்குப் போற நேரமா வாங்க, அவங்களுக்குத் தெரிய வேணாம்னாரு. தங்கமான மனுஷன். கண்ணாடியக் கயித்துல தொங்கவிட்டுக்கிட்டு, படி வழியா போனா யாராவது பாப்பாங்கன்னு பின்பக்கமா ஏணி வைக்கச் சொன்னாரு, நான் மாடிக்கு ஏறுனப்ப அந்த ஏணியக்கூட அவரே புடிச்சுக்கிட்டாரு. மெதுவா, மெதுவான்னு சொல்லிட்டே இருந்தாரு."

அவள் நிறத்தைக் குறித்துக்கொண்டு, வேலையை முடித்து, அவரை அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

வீட்டில் நடந்ததை மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள். கணவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம்.

"ஏணி புடிச்சீங்களாமே" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

அவர் குழாயை மூடினார். மறுக்கவில்லை.

"எனக்குப் பயம். மொத நாள்லேர்ந்தே. மாடிக்குத் துணி எடுக்கக்கூடப் போகமாட்டேன். நீ கவனிக்கல."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"எல்லார் முன்னாடியும் வைக்கட்டும்னு சொல்லிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"பயம்னு சொல்லியிருந்தா அன்னிக்கே பெட்டிய எடுத்திருப்பேன். அதுகூடப் போகட்டும். அவ மேல எதுக்குப் பழி போட்டீங்க?"

"நான் அவதான்னு சொல்லலியே."

"ஆமா, நீங்க சொல்லல. என்னைச் சொல்ல வச்சீங்க."

இதைச் சொல்லும்போதுதான் என் முன்னால் அவள் குரல் உடைந்தது. "தேனீய கொன்னதகூட என்னால புரிஞ்சுக்க முடியுதுடி. பயந்தவன் என்ன வேணா பண்ணுவான். ஆனா நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து தண்ணி குடுத்தாரே! அந்தக் கையாலதானே ஏணியப் புடிச்சாரு? இனிமே அவர் சரின்னு சொன்னா அதை நான் எப்படி நம்புறது?"

அன்று சாயங்காலமே அவள் தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். நடந்ததை எல்லாம் நின்றபடியே சொல்லி, "தப்பு என்னோடதுதான்" என்றாளாம்.

"ஆமா, உன்னோடதுதான்" என்றாள் தையல்காரி. "துணில கறை பட்டப்ப நேரா உன்கிட்டதானே வந்து கத்துனேன்? முதுகுக்குப் பின்னாடி செய்யிறவளா நானு? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா. நீ கேக்க வரல, தீர்ப்போட வந்த. உன்னை உன் வீட்டுக்காரரு ஏமாத்துனாரு. என்னை நீ."

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. இப்போது படியில் எதிர்ப்பட்டால் பேசிக்கொள்கிறார்கள். சாவி மட்டும் அவரவரிடமே இருக்கிறது.

பல்லக்கா கணவரை விட்டுப் போகவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பால் வாங்கியாச்சா, கதவு பூட்டியாச்சா என்ற அளவில் பேச்சு. டாக்டரிடம் கேட்டு, கிளினிக் மாடியில் புதுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறாள். சாயம் எதுவும் பூசவில்லை. தேனீ பற்றி வீட்டில் மூச்சு விடுவதில்லை.

எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் மதிய இடைவேளையில் நாங்கள் மாடியிலிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்து நின்றார். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. பெட்டிப் பக்கம் வராமல் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "ஏதாவது ஒத்தாசை வேணுமா?" என்று கேட்டார்.

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சட்டத்தை உள்ளே இறக்கினாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த மாதிரியே மெதுவாக இறங்கிப் போனார்.

"பாவமா இருக்குக்கா. இன்னும் மன்னிக்கலியா?" என்றேன்.

"இல்ல" என்றாள். "இந்த மூடி கொஞ்சம் கனம். அந்தப் பக்கம் நீ புடி."