வியாழக்கிழமை அறை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் சீருடை மாற்றியது துணிக்கிடங்கில். மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று, கதவை முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கால்சட்டை மாற்றினேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டியவர்கள் நர்ஸ் என்றால் பெண் என்று முடிவு செய்தே கட்டியிருந்தார்கள். டாக்டர்களுக்கு அறை இருந்தது, டிரைவர்களுக்குக்கூட ஒரு கொட்டகை இருந்தது. ஆண் நர்ஸுக்கு ஒன்றுமில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. மொத்தமே நாங்கள் நான்கு பேர்.

அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை டாக்டராக்கப் பார்த்தார். என் மார்க்குகள் ஒத்துழைக்கவில்லை. கோயிலில் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று விசாரித்தால், "ஆஸ்பத்திரியிலை இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவார். கேட்டவர்களில் பாதிப்பேர் என்னை நோயாளி என்றே நினைத்திருக்க வேண்டும். ஒரு மாமி எனக்காகத் திருநீறுகூடக் கொடுத்தனுப்பினார்.

கூட வேலை பார்த்த பெண்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு ஒரு தேநீர் அறை இருந்தது. காலை ஷிப்ட் முடிந்ததும் அங்கே கூடுவார்கள். ஜெருக் என்கிற ஜாதிக்காய் ஊறலைக் காகிதத்தில் கொட்டி நடுவில் வைத்துக்கொண்டு மாமியார், டாக்டர், வயிற்றுவலி, வீட்டுக் கடன் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். நான் வாசலில் தலையைக் காட்டியதும் பேச்சு பட்டென்று நின்றுவிடும். "வா தம்பி, சாப்டியா?" என்பார் ஒரு அக்கா. இன்னொருவர் நாற்காலியை நகர்த்துவார். பிறகு எல்லோரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். பினாங்கில் மழையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அவர்கள் அறையை நான் கெடுக்கிறேன் என்று தெரிந்துபோனது. சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போக ஆரம்பித்தேன். மூன்று வருஷம் அந்தப் படிக்கட்டில்தான் சாப்பாடு.

எங்களைக் கூப்பிடுவதற்கென்று சில காரியங்கள் இருந்தன. கனமான ஆளைத் தூக்க வேண்டும், குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனைப் பிடிக்க வேண்டும், செத்த ஆணைக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டும். "ஒரு ஆம்பள வேணும்" என்று போன் வரும். எங்கள் வார்டில் ஒரு லோரி ஓட்டுநர் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். தினமும் அவருக்கு நான்தான் முகம் மழித்துவிட்டேன். மீசையை மட்டும் தொடக் கூடாது என்பார். அவர் இறந்தபோது அக்காமார் தேநீர் அறையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நான் அவரைக் குளிப்பாட்டினேன், மீசையைச் சீவிவிட்டேன், கையைக் கழுவிக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. அழவும் வரவில்லை. யாரிடமாவது அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அன்றுதான் தலைமை நர்ஸான மேட்ரனிடம் போய் அறை கேட்டேன். மேட்ரன் தமிழ்க்காரம்மா, கண்டிப்பானவர்.

"எதுக்குப்பா தனி ரூம்? எங்ககூட உக்காந்து பேச வெக்கமா?"

"நான் உள்ள போனா அக்காங்க பேச்ச நிறுத்திடுறாங்க மேட்ரன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து பழைய பிளாஸ்டர் அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார். எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போட்ட இடம்; புது அறை வந்தபின் சும்மா கிடந்தது. வியாழக்கிழமைகளில் மட்டும், இரண்டரையிலிருந்து மூன்றரை வரை. செய்தி வார்டு முழுக்கப் பரவி, அக்காமார் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். "ஆம்பளைங்க அப்படி என்னலா பேசப் போறீங்க? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

உண்மையில் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்த மலாய்க்காரர், எமர்ஜென்சியில் இருந்த சீனர், நான், எதிர்க்கரை புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ்ஸும் ஃபெரியும் பிடித்து வருகிற இன்னொரு தமிழன். அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. நாலு பேரும் சுவரோரம் உட்கார்ந்து கச்சாங் கடலை கொறித்தோம். பந்து விளையாட்டைப் பேசினோம், மோட்டார் சைக்கிளைப் பேசினோம். துணிக்கிடங்கைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் மீசையைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் பெருநாட்களை ஒருவருக்கொருவர் தாங்குவது வழக்கம். தீபாவளிக்கு மலாய், சீன நர்ஸுகள் எங்கள் ஷிப்டைப் பார்ப்பார்கள். ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்களுடையதை நாங்கள் பார்ப்போம். ஒரு ராயா வாரத்தில் ஆள் பற்றாமல் அந்த புக்கிட் மெர்தாஜாம்காரனைப் பெண்கள் வார்டில் போட்டார்கள். ஆண் நர்ஸ் பெண் நோயாளியைத் தொடுவதென்றால் திரைக்குள் ஒரு பெண் நர்ஸ் கூட நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு பெண்ணுக்குத் தொடையில் புண். அவன் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான், ஒரு அக்கா பக்கத்தில் நின்றார். அடுத்த கட்டிலிலிருந்து ஒரு கிழவி விழப்போக, அக்கா ஓடினார். அந்த ஒரு நிமிஷத்தில் பார்வை நேரத்துக்கு வந்த புருஷன் திரையை விலக்கினான். அவன் போட்ட சத்தம் கீழ்மாடி வரை கேட்டது.

விசாரித்தார்கள். அவனிடமும் அக்காவிடமும் எழுதி வாங்கினார்கள். அந்தப் பெண்ணே, "அவர் ஒண்ணும் தப்பா செய்யல" என்று சொல்லிவிட்டாள். தப்பில்லை என்று முடிந்தது. ஆனால் தாழ்வாரத்தில் அவன் நடந்து போனால் தலைகள் திரும்பின. நகர்ந்து போன அக்கா தேநீர் அறையில் அழுததையும், மற்றவர்கள் அவரைத் தேற்றியதையும் நான் வெளியே நின்று கேட்டேன். அவனை யாரும் தேற்றவில்லை.

அந்த வியாழக்கிழமை மலாய்க்காரர் ராயா விடுப்பில் இருந்தார், சீனருக்கு வேலை. நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவன் தேநீரைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் பயந்துவிட்டேன். அவனுக்கு நடந்தது நாளை எனக்கும் நடக்கும். அவன் அழுதால் நானும் அழுதுவிடுவேன். மூன்று வருஷம் படிக்கட்டில் உட்கார்ந்து எதற்காக ஏங்கினேனோ அது என் எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. நான் கேட்டேன்:

"முந்தாநாள் மேட்ச் பாத்தியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. "பாத்தேண்ணே" என்றான். கோல்கீப்பரைப் பற்றி அரைமணி நேரம் மரியாதையாகப் பேசினான். பிறகு இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டான். மேட்ரன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலயா? ஒங்களுக்குத்தான் ரூம் இருக்கே."

"இல்ல மேட்ரன்" என்றேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதன்பின் கூட்டம் தானாகவே தேய்ந்தது. சில வியாழக்கிழமைகள் நான் மட்டும் போய்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷம் கழித்து அந்த அறையில் உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கினார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் படிக்கட்டு.

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மாலை, பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் அவனைப் பார்த்தேன். கொஞ்சம் பருத்திருந்தான். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை என்றான். யாருக்காவது விரல் வெட்டுப்பட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்களாம், மருந்துப் பெட்டிச் சாவி அவனிடம்தான். "கட்டு போடுறது மறக்கலண்ணே" என்று சிரித்தான். பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்றான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த கேள்வி வாய்க்கு வருவதற்குள் ஃபெரி பாதித் தூரம் போய்விட்டது.

"அன்னிக்கு ரூம்ல எங்கிட்ட என்ன சொல்ல வந்தே?"

இந்தத் தடவை நான் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கத் தயாராக இருந்தேன். அவன் உள்ளங்கைகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என் முகத்தில் எதையோ கண்டு இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

"அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப" என்றான். "சனிக்கிழம மேட்ச் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

கரை வந்து சங்கிலியை அவிழ்க்கும்வரை பந்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.