லெப்பையின் காதில் சொல்லாத பெயர்

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கேட்டவளின் முகத்தைப் பார்த்து, தெரியாது என்று சொன்னேன்.

இதை உங்களிடம் சொல்லும்போதும் நெஞ்சு படபடக்கிறது. இருதயத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். ஆனால் இது அந்தப் படபடப்பல்ல. அந்தப் பெயரை அறிந்தவன் இன்று நான் ஒருவன்தான். நான் போனால் அதுவும் போய்விடும்!

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் யாரைக் கேட்டாலும் எங்கள் 'நெட்டால் கடை'யைக் காட்டுவார்கள். இப்போது கயிறும் வலையும் படகுப் பெயின்டும் விற்கிறோம். என் வாப்பாவின் பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி, தென்னாபிரிக்காவின் நெட்டாலில் ஒரு கடை போட்டு, அதைக் கம்பெனியாக வளர்த்தவர். "தனியாளாய்க் கட்டிய கம்பெனி" என்று, அவருடைய படத்தைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பொய்!

அங்கே அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். சூலு இனத்துப் பெண். அவர் சரக்கெடுக்க டேர்பனுக்கு மாட்டுவண்டி கட்டினால், திரும்பும்வரை கடை அவள் கையில். கம்பளி, உப்பு, மண்வெட்டி... அந்த ஊர்ச்சனம் அவளை நம்பித்தான் கடைக்குள் கால் வைத்தது. பிள்ளைப்பேற்றோடு அவள் மௌத்தானாள். அவர் கடையை விற்றார். கைக்குழந்தையை டேர்பனில் ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் ஒப்படைத்தார். விற்ற பணத்தோடு இங்கே வந்து இந்தக் கடையைப் போட்டு, இன்னொரு கலியாணம் செய்தார். அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள்.

ஆண்டுக்கொரு தடவை எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதுவோம். மௌத்தானவர்களின் பெயர்களை வீட்டு மூத்தவர், ஓதவந்த பள்ளிவாசல் லெப்பையின் காதில் சொல்வார். லெப்பை அவற்றைத் துஆவில் சேர்த்து, சபைக்குக் கேட்கும்படி ஓதுவார். எழுதிக் கொடுக்கும் வழக்கமில்லை. கடைசிப் பெயர் எப்போதும் அவளுடையது. வாப்பா படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"மகன், எந்தப் பேர விட்டாலும் இந்தப் பேர விட்டிராத. நாம திண்ட சோறு அவட உழைப்பு."

"விடமாட்டன் வாப்பா" என்றேன். விட்டேன்!

மகளுக்குக் கிண்ணியாவில் மாப்பிள்ளை பேசியிருந்த வருடம் அது. சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். எங்கள் வாயில் நுழையாத அந்தப் பெயரைக் கேட்டால், "அது ஆர்?" என்று கேட்பார்களே... கறுப்பி ஒருத்தி என்றா சொல்வது? ஆம், அந்த வார்த்தைதான் என் மனதில் ஓடியது. மறைத்து என்ன பயன்? இந்த ஒரு வருடம்தானே என்று விட்டேன். பிறகு ஒவ்வொரு கத்தத்துக்கும் சம்பந்தி வந்தார். பெயர் என் தொண்டையிலேயே தங்கிவிட்டது. பழைய லெப்பையும் மௌத்தாகிவிட்டார்.

சென்ற வருடம் டேர்பனிலிருந்து ஒருத்தி வந்தாள். ஸைனப் என்று பெயர். அந்தக் கைக்குழந்தையின் பேத்தி. என் வாப்பாவின் அதே அகன்ற நெற்றி! எங்கள் கூடத்துக் கதிரையில் இருந்து, ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். கடை போட்டவரின் பெயரும் ஊரும் அவர்களுக்குத் தெரியுமாம். தன் பாட்டியைப் பெற்ற தாயின் பெயரை மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லையாம். பாட்டி சாகும்வரை அதைத்தான் தேடினாளாம். "அங்கிள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அன்று சம்பந்தி இல்லை. நானும் என் மனைவியும்தான். பிறகு ஏன் சொல்லவில்லை? பெயரைச் சொன்னால், இத்தனை வருடம் அதை ஏன் விட்டேன் என்பதையும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டுமே! தெரியாது என்றேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இப்போதும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறாள். தொலைபேசி சிணுங்கினால் மனைவியிடம் நீட்டிவிடுகிறேன். உங்களிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன்... நாக்கு நுனிவரை வருகிறது. வெளியே வரவில்லை.

இந்த வருடக் கத்தத்துக்கு முன், தன் பாட்டியைப் பெற்ற அந்தத் தாயையும் சேர்த்து ஓதும்படி ஸைனப் என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். பெயர் அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே என்றாளாம். மனைவி புது லெப்பைக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

கத்தத்தன்று அவர் என் பக்கம் குனிந்தார். "ஹாஜியார், ஆபிரிக்காவில மௌத்தான ஒரு தாயாமே... பேர் என்ன?"

என் தோளோடு தோளாகச் சம்பந்தி இருந்தார்.

"தெரியாது லெப்பை."

லெப்பை கைகளை ஏந்தினார். எல்லாப் பெயர்களும் முடிந்தபின், "பெயர் தெரியாத அந்தத் தாய்க்கும்..." என்று ஓதினார். சபை ஆமீன் சொன்னது. நானும் சொன்னேன். எல்லாரையும்விட என் குரல்தான் உரத்துக் கேட்டது என்று மனைவி சொல்கிறாள்.