ஒரு கிணறு, இரண்டு கொப்பிகள்

'கீ' என்று ஒரு மெல்லிய ஒலி. பின்னால் எடுக்கும் லொறி அந்தச் சத்தம் போட்டாலும் என் கை அப்படியே நின்றுவிடும். நீர்மட்டம் அளக்கும் டேப்பின் முனை கிணற்றுத் தண்ணீரைத் தொட்டதும் எழும் ஒலி அது. அதைக்கொண்டுதான் கர்த்தர் என்னைத் திருத்தினார்.

நாற்பத்தாறு வயதில் பொறியியல் புவிச்சரிதவியலும் நிலத்தடி நீரும் படிக்கப் பல்கலைக்கழகம் போனேன். இருவருக்கு ஓர் ஆய்வு. எனக்குச் சோடியாக வந்தவள் கிராண்ட்பாஸில் இருந்து வரும் பர்ஸானா, இரண்டு பிள்ளைகளின் தாய். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், யோகம் அக்கா வீட்டுக் கிணற்றை அளக்க வேண்டும். திங்களும் புதனும் நான், காலை ஜெபக்கூட்டம் முடிந்த கையோடு. செவ்வாயும் வியாழனும் அவள், பிள்ளைகளைப் பள்ளியால் கூட்டிவந்து வீட்டில் விட்ட பின்.

மூன்று மாதம் கழித்து, அளவுகளை எழுதிய இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவளுடைய தண்ணீர் என்னுடையதைவிட அரை மீற்றர் மேலே. எல்லா வாரமும். எந்தக் கணக்கு உண்மை என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் இருவருக்கும் ஆய்வு இல்லை என்றார் விரிவுரையாளர்.

நான் சந்தேகத்தில் வளர்ந்தவள். இந்த நகரத்தில் கதவு தட்டினால் முதலில் திரையை விலக்கிப் பார்த்தே பழகியவள். அவளுடைய எழுத்து ஏன் இவ்வளவு துப்புரவாக இருக்கிறது? கிணற்றடியில் எழுதினால் ஒரு நீர்த்துளியாவது பட்டிருக்காதா? கிணற்றடிக்கு வராமலே வீட்டுக் குசினியில் இருந்து எழுதுகிறாள் என்று முடிவு கட்டினேன். அவளை நீக்கச் சொல்லி விரிவுரையாளருக்குக் கடிதமும் எழுதி, பையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, பொய்யைக் காட்டித் தாரும். அழுதேன். அந்த அழுகையிலும் கோபம் இருந்தது.

செவ்வாய் பகல் இரண்டு மணிக்கு யோகம் அக்கா வீட்டுக்குப் போய்க் காத்திருந்தேன். வரமாட்டாள் என்றே நம்பினேன். வந்தாள். வியர்த்து, கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு. டேப்பை இறக்கினாள். 'கீ'. அவள் வழமையாக எழுதும் அதே மட்டம்.

அந்த நேரம் யோகம் அக்கா உள்ளே தண்ணீர் மோட்டரைப் போட்டார். ஒலி அறுந்தது. தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. காலையிலும் மோட்டர் போடுவீர்களா என்று அக்காவிடம் கேட்டேன்.

“நீர் கொப்பியோட வாறது நான் தண்ணித் தாங்கியை நிரப்பி முடிக்கிற நேரமெல்லோ? பிறகெங்கால கிணத்தில தண்ணி நிக்கும்? படிச்ச ஆக்கள், ஒருக்காக் கேட்டிருக்கலாம்.”

கிணறு ஓய்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். முதல் மாதப் பாடம் அது. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவள் நான். காட்டச் சொன்ன பொய்யைக் கர்த்தர் காட்டித் தந்தார். அது என் கொப்பியில் இருந்தது.

பிழை என்னுடையது என்று விரிவுரையாளரிடம் சொல்லி, என் அளவுகளைத் தள்ளிவிட்டு மூன்று மாதம் திரும்ப அளந்தேன், பின்னேரங்களில். இருவரும் சித்தியடைந்தோம். காலை ஜெபத்தை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாரையும் காட்டித் தரும்படி கேட்பதில்லை, என்னைக் காட்டும் என்று கேட்கிறேன். அன்பானவர்களே, உங்களிடமும் பையில் ஒரு கடிதம் இருந்தால், கொடுக்குமுன் கர்த்தரிடம் காட்டுங்கள். நம்பிக் காட்டுங்கள். கேட்டபடி பதில் வராது, ஆனால் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, காலி வீதி பஸ் தரிப்பில் கடிதத்தை பர்ஸானாவின் கையில் கொடுத்தேன். முழுதும் வாசித்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நானும் ஒங்கள நம்பல்ல அக்கா. போன மாசம் ஒரு விடியக்காலம் வந்து மதிலுக்கு அங்கால நின்டு பாத்தன். டேப்ப எறக்க முந்தி கண்ண மூடிட்டு நின்டீங்க. பொய் எழுதுற ஆள் கிணத்தடியில துஆ கேக்க மாட்டாங்கண்டு நெனச்சி, ஒன்டும் செல்லாம பெய்ட்டன்.”