அவனிடம் சொன்ன சந்தேகம்

அறுபதுகளின் நடுவில் நான் கடலூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே ஆய்வுப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். கடலூருக்குத் தெற்கே இருக்கும் மீனவக் குப்பங்களில் காற்றுகளுக்கு என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்பது என் ஆய்வு. எங்கள் வீட்டில் கட்டுமரம் ஏறாத முதல் ஆள் நான்தான். அலையில் எனக்குத் தலை சுற்றும் என்று தெரிந்ததும் அப்பா என்னைப் படிக்கப் போட்டுவிட்டார். கடலுக்குப் போகத் தெரியாதவன் கடல்காரர்களின் சொல்லையாவது எழுதி வைக்கிறேனே என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

சிதம்பரம் மேல வீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆய்வு வட்டம் கூடும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அதை நடத்திவந்தார். முடியாத ஆய்வுகளை அங்கே படிப்பார்கள். கேட்பவர்கள் குறை நிறை சொல்வார்கள். என்னை அங்கே அழைத்துப் போனவன் என் நண்பன். குறிஞ்சிப்பாடிக்காரன். அவனும் ஆய்வு மாணவன். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான்.

நான் படிக்கத் தயங்கினேன். அவன் விடவில்லை.

"முழுசா முடிச்சிட்டுப் படிக்கிறேன்னு ஒக்காந்தா காலத்துக்கும் முடிக்க மாட்ட மச்சான். பாதியில இருக்கும்போதே படி. நாலு பேரு கேட்டாதான் ஓட்டை எங்கன்னு தெரியும்."

ஓட்டை எங்கே என்று எனக்கே தெரியும். ஊருக்கு ஊர் ஒரே காற்றுப்பெயரின் பொருள் நகர்கிறது என்பது என் கட்டுரையின் உயிர். எங்கள் குப்பத்தில் கொண்டல் என்றால் நேர் கிழக்கிலிருந்து வரும் காற்று. பத்து மைல் தெற்கே என் மாமா இருக்கும் குப்பத்தில் அது சற்று வடக்கே சாய்ந்து வருவது. அப்படிச் சொன்னவர் மாமா ஒருவர்தான். மாமாவோ நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்து, அத்தையைக் கட்டிக்கொண்டு அந்தக் குப்பத்துக்கு வந்தவர். அவர் சொன்னது இந்த ஊர்ப் பேச்சா, பிறந்த ஊர்ப் பேச்சா?

கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு டீக்கடையில் வைத்து இதை அவனிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவன் ஒரு யோசனை சொன்னான்.

"கடைசிப் பக்கத்துல நீயே எழுதிடு. இன்னும் விசாரிக்கணும்னு சொல்லிடு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அவன் சொன்னபடியே கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

மாமாவையும் கூட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். தான் சொன்னதைப் படித்தவர்கள் உட்கார்ந்து கேட்பதை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொடங்கும்போதே, "எனக்குத் தகவல் தந்தவர்களில் முக்கியமானவர்" என்று அவரைக் காட்டினேன். எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

பாதிக்கு மேல் படித்திருப்பேன். கொண்டலைப் பற்றிய பகுதி வந்தது. பின்வரிசையில் நண்பன் எழுந்தான்.

"ஒரு சந்தேகம். அந்தக் குப்பத்துக்குத் தகவல் தந்தவர் ஒருவர்தான். அவர் அந்த ஊரில் பிறந்தவரா, பெண் கட்டி வந்து தங்கியவரா? வந்தவர் என்றால் இந்த முடிவு நிற்குமா?"

என்னைப் பார்க்காமல் பேராசிரியரைப் பார்த்துக் கேட்டான். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்வி. அடிப்படையான கேள்வி" என்றவர் என் பக்கம் திரும்பி, "இதை நீங்கள் யோசிக்கவில்லையா?" என்றார்.

"கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் ஐயா" என்று தாள்களைப் புரட்டினேன். "கேள்வி வந்ததும் கடைசிப் பக்கம் வந்துவிட்டது" என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் மாமாவை எட்டிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவன் கையைப் பிடித்தேன்.

"ஒன்ன நம்பிச் சொன்னதுடா."

"நான் கேக்கலன்னா வேற எவனாவது கேட்டிருப்பான். கேள்வி தப்புன்னா சொல்லு மச்சான்."

கேள்வி தப்பில்லை. அவன் கையை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் பேராசிரியர் தம்முடைய சொல் தொகுப்பு வேலைக்கு அவனை உதவியாளனாக எடுத்துக்கொண்டார். அந்த இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் கூட்டத்தன்று என்னை உண்மையில் உலுக்கியது திரும்பும்போது ரயிலில் நடந்த பேச்சுதான். புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா கேட்டார்:

"நான் வந்தேறின்னு அந்தத் தம்பிக்கு யாரு சொன்னது?"

"நான்தான் மாமா. ஆனா அப்படிச் சொல்லல. சந்தேகம்னுதான்..."

"இருபத்தஞ்சு வருசமா அந்தக் கரையில ஒலை வெச்சுத் திங்கிறேன். பஞ்சாயத்துல ஒரு சண்டைன்னா, நீ எந்த ஊருன்னுதான் மொதல்ல கேப்பானுவோ. நீயும் அதையே கேட்டுட்டியே. கேக்கணும்னா என்னையில்ல கேட்டிருக்கணும்?"

நண்பன் செய்தது துரோகம் என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தவன் நான். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோடை விடுமுறையில் அந்தக் குப்பத்துக்குப் போய், அங்கேயே பிறந்த நான்கு பேரிடம் கேட்டேன். மூவர் கொண்டல் என்றால் நேர் கிழக்கு என்றார்கள். நாலாமவர் சிரித்துக்கொண்டே, "ஒங்க மாமாதான் அப்பிடிச் சொல்லுவாரு, அது அவுங்க ஊரு பேச்சு" என்றார். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, சிறியதாக ஓர் ஆய்வை எழுதிக் கொடுத்தேன். பட்டம் கிடைத்தது.

சில வருடங்கள் கழித்து நண்பனை வடலூரில், தைப்பூசக் கூட்டத்தில் பார்த்தேன். "அன்னிக்கு நான் கேட்டதாலதான் ஒன் ஆராய்ச்சி தப்பிச்சிது" என்றான். நான் நன்றி சொல்வேன் என்று நிஜமாகவே எதிர்பார்த்து நின்றான். ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

மாமா என்னை ஒதுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் மீன் குழம்பு வைக்கச் சொல்வார், பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பார். நான் அருகில் இருக்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று மட்டும் சொல்லமாட்டார். அத்தை கேட்டால்கூட, "அவன் இருக்கானே, அவனக் கேளு" என்பார்.