ஒரு கம்சா, நான்கு ஸ்லாட்

1. இன்டர்வியூ

"வீட்ல கம்ப்யூட்டரே கிடையாதுங்கறே. கேமே ஆடாதவ கேம்ல என்னம்மா டிசைன் பண்ணப்போறே?"

கேட்டவர் ரகுராம் சார். கொல்கத்தாவில் செக்டர் ஃபைவில் இருந்த எங்கள் கேம் ஸ்டூடியோவின் தலைவர். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக, தமிழர்கள் குடியேறிய லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிறது. நான் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரும் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

"காலேஜ் லேப்ல ஆடியிருக்கேன் சார். எல்லா ஹீரோவும் ஒரே இரும்புச் சட்டையைத்தான் போட்டிருக்கான்."

சிரித்தார். ஆனால் டிசைனர் வேலை தரவில்லை, ஐட்டம் என்ட்ரிதான் தந்தார். ஷீட்டில் ஒவ்வொரு உடைக்கும் ஆயுதத்துக்கும் ஒரு வரிசை: பெயர், எடை, தற்காப்பு எண், ஸ்லாட். ஸ்லாட் என்பது கதாபாத்திரத்தின் உடம்பில் அந்தப் பொருளை மாட்டும் இடம். தலை, முகம், மார்பு, இடுப்பு, கை, கால்.

2. வெயிட்டான சட்டை

ஆற்றுத் துறைமுகத்தில் நடக்கும் ரோல் ப்ளேயிங் கேம் அது. வெளிநாட்டு கிளையண்டுக்காகச் செய்தோம். இரண்டாவது ஊரிலேயே கனமான கவசம் கிடைத்துவிடும். அதை மாட்டிய பிறகு ஆடுகிறவர்கள் பையைத் திறப்பதே இல்லை. கிளையண்ட் கோபமாக இருந்தார். அடுத்து அனுப்பும் பதிப்பிலும் இப்படியே இருந்தால் உடை, ஆயுத வேலையை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அது போனால் முதலில் போவது என் நாற்காலி.

மீட்டிங்கில் நான் கை தூக்கினேன். "கம்சா வைக்கலாம் சார்."

கம்சா என்பது வங்காளத்தில் பாதிப் பேர் தோளில் கிடக்கும் கட்டம் போட்ட மெல்லிய துண்டு. சுருட்டித் தலையில் வைத்தால் சுமை தாங்கும். மூக்கில் கட்டினால் புகை, சிமெண்ட் தூசி ஏறாது. இடுப்பில் இறுக்கினால் வண்டி தள்ளலாம். கையில் சுற்றினால் கயிறு அறுக்காது.

புரோகிராமர் தேபு தா, அதாவது தேபு அண்ணன், மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வங்க மொழியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "ஹீரோவுக்கு கம்சாவா! அடுத்து லுங்கியா?"

"அதுவும் வரும் தேபு தா. அவசரப்படாதீங்க."

"சரி, ஒரு சான்ஸ். சொதப்பினா டெஸ்டிங்குக்குப் போயிடணும்," என்றார் சார்.

3. ப்ளே டெஸ்ட்

சொதப்பினேன். ஒரு வரிசைக்கு ஒரு ஸ்லாட் என்றே எழுதிப் பழகிய கை. கம்சாவுக்கு நான்கு உபயோகம் என்றதும் நான்கு வரிசை போட்டுவிட்டேன். எங்களுக்கு அது ஒரு துண்டு. கேமுக்கு நான்கு பொருள்.

டெஸ்டர் மௌமிதா நான்கையும் ஒரே நேரத்தில் மாட்டினாள். ஹீரோ தலையில் நங்கூரத்தைச் சுமந்து, வண்டியைத் தள்ளியபடி, புகைக்குள் உல்லாசமாக நடந்தான்.

"ஒரு துண்டைக் கட்டிண்டு ஊரையே தூக்கிண்டு போறானே!" என்றார் சார். அறையே சிரித்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை கிளையண்ட் பார்க்கறார். எடுத்துடு."

"எடுக்க மாட்டேன் சார். ஒரே வரிசையாக்கறேன். தலையில இருந்தா மூக்குல இருக்காது. பையைத் திறக்காம, நடந்துக்கிட்டே ஒரு பட்டன்ல மாத்திக்கட்டணும்."

"அந்த அனிமேஷனை உங்க அப்பாவா பண்ணுவார்?" என்றார் தேபு தா.

"அவருக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கு. நீங்கதான் பண்ணணும். பாருங்க."

துப்பட்டாவைக் கழற்றினேன். சுருட்டித் தலையில் வைத்தேன். உருவி மூக்கில் கட்டினேன். இடுப்புக்கு இறக்கி முடிச்சிட்டேன். கையில் சுற்றினேன். தேபு தா சிரிப்பதை நிறுத்திவிட்டு வெப்கேமை என் பக்கம் திருப்பினார். "ஆபார் கொரோ," என்றார். மறுபடி செய் என்று அர்த்தம். அவர் போதும் என்னும்வரை செய்தேன்.

4. திங்கட்கிழமை

கிளையண்ட் தன் நாட்டிலிருந்தே ஆடினார். எங்கள் திரையிலும் தெரிந்தது. ஹீரோ தலையில் கம்சா, அதன்மேல் மருந்து மூட்டை. எதிரே கிடங்கு எரிகிறது. உள்ளே ஒருவன் சிக்கியிருக்கிறான். மூக்கில் துணியைக் கட்டினால்தான் உள்ளே போக முடியும். கட்டினால் மூட்டை விழும்.

ஹீரோ நின்றுவிட்டான்.

"மூட்டையைப் போட்டே ஆகணுமா?" என்று ஸ்பீக்கரில் கிளையண்ட் ஆங்கிலத்தில் கேட்டார். சார் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்," என்றேன்.

மூட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போனார். பிறகு சேவ் பண்ணிவைத்த பழைய இடத்திலிருந்து தொடங்கி, மூட்டையோடு கிடங்கைத் தாண்டிப் போனார். மூன்றாவது தடவையும் அந்த இடத்தில் நின்று யோசித்தார். வேலை எங்களிடமே இருந்தது. என் மேஜையில் டிசைனர் என்று பெயர்ப்பலகை வந்தது.

"நாலு வரிசையை ஒண்ணாக்கினே. அவ்வளவுதானே?" என்றார் சார்.

"அவ்வளவுதான் சார்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தற்காப்பு எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் அது உடை ஆகாது. ஒன்றைக் கட்டும்போது எதை விடுகிறோம் என்பது தெரிய வேண்டும்.

5. கரியாஹாட்

அதன்பின் இரண்டு கேம்கள் முடித்தேன். லீட் டிசைனர் இடம் காலியானபோது கேட்டேன். "சின்னப் பொண்ணு, இன்னும் கொஞ்சம் போகட்டுமே," என்றார் சார்.

போகட்டும் என்று நானும் விடவில்லை. சொந்த ஸ்டூடியோவுக்காக கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு ரவிக்கைத் துணிக் கடைக்கு மேலே அறை எடுத்தாயிற்று. தேபு தா தன் கம்ப்யூட்டரை ரிக்ஷாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ராஜினாமாவை வெள்ளிக்கிழமை கொடுத்தேன்.

நேற்று அந்த அறையில் எங்கள் சொந்த கேமின் ஐட்டம் ஷீட்டைத் திறந்தேன். முதல் வரிசையில் புடவை என்று எழுதினேன். முக்காடு, முந்தானை, இடுப்புச் செருகல் என்று அதற்கு இடம் எண்ணி மாளவில்லை. பிறகு ஸ்லாட் என்ற பத்தியை முழுவதுமாக நீக்கினேன்.